பூட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் நண்பர்களுக்கு,

ரிச்சி தெருவில் நாலடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செத்துப்போன மதர்போர்டுக்கு உயிர் கொடுப்பவருக்கும், சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் மெஷினோடு சேர்த்து ஃபார்மட் வேலையும் பார்ப்பவருக்கும் எழுதப்படும் மடல் இது. "விண்டோஸ் அப்படியே இருக்கட்டும்ணே, கூடவே உபுண்டுவும் வேணும்" என்று யாராவது லேப்டாப்பை நீட்டியதும் உங்கள் விரல் தானாகப் போகும் இடம் ஒன்று உண்டு. ஆன் செய்த கையோடு எஃப்2. ஹெச்பி என்றால் எஃப்10. பயோஸ் திரை வந்ததும், கையெழுத்தில்லாத நிரலை எழவிடாத செக்யூர் பூட்டைத் தேடிப்பிடித்து டிஸேபிள் செய்கிறீர்கள். சேவ், எக்ஸிட். அரை நிமிடம்கூட ஆகாது. எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், உள்ளே என்ன கிராஃபிக்ஸ் கார்டு என்று பார்ப்பதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடப்பது உங்கள் கண்முன் நடப்பதில்லை. உபுண்டு ஏறியதும் டெஸ்க்டாப்பைக் காட்டுகிறீர்கள், வைஃபை பிடிக்கிறது, கல்லூரி மாணவி காசைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுகிறாள். இரவு விடுதியில், மறுநாள் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்டை முடிக்க விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கிறது: 48 இலக்கங்கள், ஆறாறாக எட்டுக் கட்டங்கள். அப்படி ஒரு சாவி இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. மறுநாள் நீங்கள் ஷட்டரைத் தூக்கும்போது அவள் வாசலில் நிற்கிறாள். நீங்கள் பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியைக் காட்டுகிறீர்கள். டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல.

நீங்கள் செய்த எதுவும் அவளுடைய ஃபைலை அழிக்கவில்லை. ஆனாலும் ஃபைல் போய்விட்டது. இப்போது வரும் லேப்டாப்களில் மைக்ரோசாப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்தாலே பெரும்பாலும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 வெர்ஷனிலிருந்து இன்னும் கூடுதலான கணினிகளில் இப்படி ஆகிறது. அந்தப் பூட்டின் சாவி டிபிஎம் என்ற சில்லில் இருக்கிறது. கணினி எழும் ஒவ்வொரு முறையும் அந்தச் சில்லு எதையெல்லாம் கணக்கெடுத்து வைக்கிறதோ அதில் செக்யூர் பூட்டின் நிலையும் ஒன்று. நேற்று ஆனில் இருந்தது இன்று ஆஃப் ஆகியிருந்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அது சாவியைத் தர மறுக்கும். மறுப்பது அதன் வேலை. திருடன் கையில் சிக்கிய லேப்டாப்பிலும் அது இதையேதான் செய்யும்.

அந்த 48 இலக்கம் எங்கே இருக்கிறது? லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்த மைக்ரோசாப்ட் கணக்கில். இங்கேதான் உங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். புது லேப்டாப் விற்கும்போது, வாங்குபவரிடம் மெயில் ஐடி இல்லை, பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை, கடையில் கூட்டம் நிற்கிறது என்று நீங்களே ஒரு ஐடியைப் போட்டு செட்டப்பை முடித்துவிடுகிறீர்கள். சில கடைகளில் நூறு லேப்டாப்புக்கும் ஒரே ஐடி. சில இடங்களில் அந்த ஐடியைத் தொடங்கிய பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பிட்லாக்கர் சாவி பத்திரமாக அந்தப் பையனின் கணக்கில் இருக்கிறது! மாணவி உள்ளே நுழையவே முடியாத ஒரு கணக்கில் அவளுடைய வீட்டுச் சாவி தொங்குகிறது. செக்யூர் பூட்டை அணைத்தவர் ஒருவர், ஐடி போட்டவர் வேறொருவர் என்று பெரும்பாலும் ஆகிவிடுவதால், யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

உங்கள் பக்கத்து நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. சில நூறு ரூபாய் கூலிக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஒரு லேப்டாப்பில் உட்கார முடியாது. பிராண்டுக்கு பிராண்டு பயோஸ் வேறு. ஏசரில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டால்தான் செக்யூர் பூட் வரியே நகரும். அதுவரை சாம்பல் நிறத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். ஹெச்பியில் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் நாலு இலக்க எண் ஒன்றைக் காட்டி அடிக்கச் சொல்லும், அடிப்பதற்குக் கட்டம் எதுவும் தெரியாது, கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று முதல்முறை பார்ப்பவர் மிரண்டுபோவார். புதிதாக வரும் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருந்தால் உபுண்டுவின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாமல் போவதுண்டு. அதை அவசரப்பட்டு மாற்றினால் விண்டோஸ் எழாது. இத்தனை தலைவலிக்கு நடுவே, சந்தேகம் வந்தால் முதலில் செக்யூர் பூட்டைத் தூக்கு என்று உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அவர் சொன்ன காலத்தில் அது சரியாகவும் இருந்தது.

எந்தக் காலம்? 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் முத்திரையோடு விற்கும் கணினிகளில் செக்யூர் பூட் ஆனில் இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாப்ட் நிபந்தனை போட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே, அப்போது ரெட் ஹேட்டில் இருந்த மேத்யூ காரெட் அபாயச் சங்கு ஊதியிருந்தார்: கையெழுத்து இல்லாத எந்த ஓஎஸ்ஸும் இனி எழாது, லினக்ஸ் வெளியே நிற்கும். வெறும் பயம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஏஆர்எம் சில்லோடு வந்த விண்டோஸ் ஆர்டி கணினிகளில் அதை அணைக்கவே வழியில்லாமல் செய்தார்கள். நம் மேசைக்கு வரும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அணைக்க வழி விட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது அதையும் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். "எல்லாம் மைக்ரோசாப்டின் சூழ்ச்சி" என்று உங்களில் சிலர் சொல்வதில் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது.

மீதிப் பாதியை லினக்ஸ்காரர்களே மாற்றிவிட்டார்கள். காரெட் சங்கு ஊதியதோடு நிற்கவில்லை. 2012 முடிவதற்குள் ஷிம் என்ற சின்ன நிரலை எழுதி வெளியிட்டார். மேசைக்கால் ஆடாமலிருக்க அடியில் செருகும் மெல்லிய சில்லுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். வேலையும் அதுதான். ஷிம்முக்கு மைக்ரோசாப்டின் கையெழுத்து இருக்கும், ஆகவே பயோஸ் அதை உள்ளே விடும். ஷிம்முக்குள் உபுண்டுவின் சாவியோ ஃபெடோராவின் சாவியோ இருக்கும். அதை வைத்து, லினக்ஸை எழுப்பும் க்ரப்பைச் சோதிக்கும், அடுத்து கெர்னல், அதற்கடுத்து டிரைவர்கள். வாசலில் ஒருவர் அடையாள அட்டையைப் பார்த்து அடுத்த வாசலுக்கு அனுப்புகிற மாதிரி. உபுண்டு 12.10, ஃபெடோரா 18 காலத்திலிருந்தே இப்படித்தான். அதாவது, பென் டிரைவில் நீங்கள் வைத்திருக்கும் உபுண்டு, செக்யூர் பூட் ஆனில் இருந்தால் எழாது என்ற நம்பிக்கைக்குப் பத்து வயதுக்குமேல் ஆகிவிட்டது.

ஒரே ஒரு முறை அணைக்காமல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அப்படியே ஏறும். ஏறாத சிலவற்றில் பிரச்சினை வேறெங்கோ இருக்கும். 2022இல் வந்த சில லெனோவோ திங்க்பேட்களில் விண்டோஸின் கையெழுத்தை மட்டும் ஏற்று, ஷிம்மின் மேல் இருக்கும் மைக்ரோசாப்டின் இன்னொரு கையெழுத்தை ஏற்காதபடி வைத்து அனுப்பினார்கள். பென் டிரைவைச் செருகினால் அத்துமீறல் என்று திட்டும். பார்த்ததும் செக்யூர் பூட்டை மொத்தமாக அணைக்கத் தோன்றும். ஆனால் அதே பக்கத்தில் "தேர்ட் பார்ட்டி சிஏ"வை அனுமதி என்று ஒரு வரி இருக்கிறது. அதை ஆன் செய்தால் போதும்.

அப்புறம் என்விடியா. உங்களில் பாதிப் பேர் செக்யூர் பூட்டை அணைக்கப் பழகியது என்விடியாவால்தான், வெர்ச்சுவல்பாக்ஸுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. அந்த டிரைவர்களை அந்தந்தக் கணினியிலேயே கட்டும்போது, அதில் உபுண்டுவின் கையெழுத்து இருக்காது, கெர்னல் ஏற்காது. இதற்காகத்தான் உபுண்டு இன்ஸ்டால் ஆகும்போது, செக்யூர் பூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடு என்று கேட்கிறது. கேட்பதைப் பார்த்து ஒன்று இரண்டு மூன்று என்று எதையாவது அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டச் சொல்லிப் பத்திலிருந்து கீழே எண்ணும். தட்டினால் நாலு வரி வரும். "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து, கன்டினியூ, எஸ், முன்பு கொடுத்த அதே பாஸ்வேர்டு, ரீபூட். அவ்வளவுதான், இந்தக் கணினியின் சொந்தச் சாவி பதிவாகிவிட்டது, என்விடியா ஏறும். அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலை இந்த ஒரு தடவைதான்.

ஆனால் அந்தப் பத்து விநாடி டீ குடிக்கப் போயிருந்தால்? திரை போய்விடும், சாவி பதிவாகாது, உபுண்டு எழும், என்விடியா மட்டும் எழாது. "பாத்தியா, செக்யூர் பூட் இருந்தா வேலைக்கு ஆகாது" என்று சொல்லி, எஃப்2வைத் தட்டுகிறீர்கள். பழி செக்யூர் பூட்டின் மேல் விழுந்துவிட்டது. போனது டீக்கடையில் கழிந்த பத்து விநாடி. டெர்மினலில் மோக்யூட்டில் கட்டளையைக் கொடுத்துச் சாவியை மறுபடி பதியச் சொன்னால் அதே நீலத் திரை மறுபடி வரும்.

செக்யூர் பூட் உடைக்க முடியாத கோட்டை என்று இந்த மடல் சொல்லவில்லை. அதன் ஓட்டைகள் ஊரறிந்தவை. 2020 ஜூலையில் க்ரப்பிலேயே பூட்ஹோல் என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 2024இல் பைனார்லி என்ற ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில் மூலச் சாவியாகவே ஒரு சோதனைச் சாவி இருந்தது; "இதை நம்பாதே" என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தது! எழுதியிருந்ததைப் படிக்காமல் கம்பெனிகள் அப்படியே விற்றிருக்கின்றன. பயோஸில் மெத்தனம் காட்டுவதில் உங்களைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

இருந்தும் பிளாக்லோட்டஸின் கதையைக் கேளுங்கள். 2022இல் கள்ளச் சந்தையில் 5,000 டாலருக்கு விலைபேசப்பட்ட நச்சு நிரல் அது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்துகொண்டு பிட்லாக்கரையும் டிஃபெண்டரையும் அணைத்துவிடும். செக்யூர் பூட்டைத் தாண்ட அதை எழுதியவர்கள் பழைய விண்டோஸ் பூட் ஃபைல் ஒன்றில் இருந்த ஓட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது; 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனம் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. நீங்கள் அணைத்து அனுப்பும் லேப்டாப்பில் அந்தச் சிரமம் எதுவும் தேவையில்லை. லினக்ஸுக்கு இதெல்லாம் வராது என்பவர்களுக்கு 2024 நவம்பரில் ஒரு பதில் வந்தது. பூட்கிட்டி என்ற அந்த நிரல் லினக்ஸுக்காகவே எழுதப்பட்டது, ஒரு செயல்விளக்க அளவில்தான். தனக்குத் தானே போட்டுக்கொண்ட கையெழுத்து அதனுடையது. செக்யூர் பூட் ஆனில் இருக்கும் சாதாரணக் கணினியில் அது எழவே முடியாது என்பதை அதைக் கண்டுபிடித்த ஈசெட் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

"2024 ஆகஸ்டை மறந்துட்டு பேசாதீங்க" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. மறக்க முடியாது. 13ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், பழைய ஷிம், க்ரப் வெர்ஷன்களைத் தள்ளிவைக்கும் ஒரு பட்டியலைப் பயோஸுக்குள் எழுதியது. இரண்டு ஓஎஸ் இருக்கும் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது, தொட்டது. லினக்ஸைத் தேர்ந்தால், ஏதோ படுமோசமாகத் தவறிவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்துபோனது. அந்த வாரம் உங்களில் பலருக்கு வேலை குவிந்திருக்கும். தீர்வும் சீக்கிரமே வந்தது: செக்யூர் பூட்டை அணை, லினக்ஸுக்குள் போ, டெர்மினலில் ஒரே வரியில் அந்தப் பட்டியலை நீக்கு, ரீஸ்டார்ட் செய், செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய். எத்தனை கடைகளில் கடைசிப் படி வரை போனீர்கள்? முதல் படியிலேயே லினக்ஸ் எழுந்துவிட்டது, கஸ்டமர் சிரித்துவிட்டார், அடுத்த லேப்டாப் காத்திருந்தது. தற்காலிகமாக அணைத்தது நிரந்தரமாகிவிட்டது. அந்த அப்டேட்டின் கோளாறை மைக்ரோசாப்ட் 2025 மே மாதம் சரிசெய்தபோதும் அந்த லேப்டாப்கள் அப்படியேதான் இருந்தன.

வேறு ஒரு கஸ்டமர் இன்னொரு காரணத்துக்காகத் திரும்பி வருவார். விண்டோஸ் 11இல் வாலரன்ட் விளையாட செக்யூர் பூட் ஆனில் இருக்க வேண்டும். 2025இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6க்கும் அதே கட்டளை. ரிப்போர்ட் போனதற்கு அழாத பையன்கூட கேம் ஓடவில்லை என்றால் கடைக்கு வந்து சண்டை போடுவான்.

அவசரத்துக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2011இல் மைக்ரோசாப்ட் கொடுத்த செக்யூர் பூட் சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூனிலிருந்து அக்டோபருக்குள் முடிகிறது. ஷிம்மின் மேல் கையெழுத்திடும் சான்றிதழ் ஜூன் கணக்கில் வருகிறது. அன்று காலையே கணினிகள் படுத்துவிடும் என்று யாராவது பீதி கிளப்பினால் நம்பாதீர்கள். முன்பு கையெழுத்தானவை தொடர்ந்து எழும். ஆனால் 2023இன் புதுச் சான்றிதழ் மட்டும் உள்ள ஷிம், அந்தச் சான்றிதழ் ஏறாத பயோஸில் எழாது. புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவும் கம்பெனிகளின் பயோஸ் அப்டேட் வழியாகவும் வருகின்றன. ஆகவே, எதற்கெடுத்தாலும் பயோஸில் "ஃபேக்டரி கீஸ்" என்ற வரியைத் தட்டிப் பழையதை மீட்பவர்கள் அதற்கு முன் பயோஸை அப்டேட் செய்துவிட்டுத் தட்டுங்கள். பழைய பயோஸில் தட்டினால் பழைய சான்றிதழ்தான் திரும்ப வரும்.

நம் ஊருக்கு ஒரு கணினியில் இரண்டு ஓஎஸ் என்பது புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் அது. அதை அழித்து இடத்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் உங்கள் கடை வாசலில்தான் நின்றார்கள். அன்று அழிக்கச் சொல்லி வந்தவர்களின் தம்பி தங்கைகள் இன்று லினக்ஸைப் போடச் சொல்லி வருகிறார்கள். பாடத்திட்டத்துக்காகச் சிலர், 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுபோனதால் சிலர். மேனுவல் படிக்கிறவர்கள் அவர்கள் இல்லை. நீங்கள் என்ன வைத்து அனுப்புகிறீர்களோ அதுதான் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுக்க இருக்கப்போகிறது.

அதனால்தான் இந்தக் கோரிக்கை. பயோஸுக்குள் போவதற்கு முன் விண்டோஸுக்குள் போங்கள். டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த 48 இலக்கத்தை அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லி, ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். கணக்கு உங்கள் கடையுடையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள், வேலை அரை மணி நேரம் தள்ளிப்போனாலும் சரி. கூலியைக் கூட்டிக் கேளுங்கள், தப்பே இல்லை. பயோஸைத் தொட்டாக வேண்டும் என்றால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டுத் தொடுங்கள். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்கி எடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத முடியாமல் தவிப்பார். க்ரப் வழியாக விண்டோஸைத் திறந்தால் பல கணினிகளில் பிட்லாக்கர் சாவியைக் கேட்டுப் படுத்தும். எஃப்12, எஃப்9 என்று அந்த லேப்டாப்புக்கு உரிய பூட் மெனுவிலிருந்து திறக்கப் பழக்கிவிடுங்கள். ஏசரில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தால், வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள், அல்லது சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டோடு அந்த லேப்டாப் வேறு ஊருக்குப் போகக் கூடாது. லினக்ஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது என்று புகார் வந்தால் சிரிக்காமல் சரிசெய்து கொடுங்கள். அது செக்யூர் பூட்டின் குற்றமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அணைத்தே ஆக வேண்டிய லேப்டாப் ஒன்றிரண்டு வரும். அணையுங்கள். ஆனால் அணைத்ததைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். அடுத்த முறை பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கும்போது, டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல என்ற வரிக்கு மேலே இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். "செக்யூர் பூட்: ஆன் / ஆஃப்" என்று ஒன்று. "மீட்புச் சாவி கஸ்டமரிடம் கொடுக்கப்பட்டது" என்று இன்னொன்று, பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.